புது காரில் பவர் கூட்டினால் வாரன்டி என்னாகும்? கடலூர், புதுச்சேரி கார்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலை எட்டரை மணி. நான் அப்போது வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் அன்றைக்கு முதல் வண்டி, பதினோரு மாதம் ஓடிய ஒரு டர்போ பெட்ரோல் கார். ஓட்டி வந்த தம்பி கடலூர் முதுநகர்க்காரர். "அண்ணே, செக் இன்ஜின் லைட் வந்து வந்து போகுது. ஓவர்டேக் பண்ணப் போனா இழுக்கவே மாட்டேங்குது. அப்படியே டிரைவர் பக்கம் பவர் விண்டோவும் இறங்குனா ஏற மாட்டேங்குது. ரெண்டையும் வாரன்டியில பாத்துக் குடுங்கண்ணே" என்றார்.

பானட்டைத் தூக்கினேன். இன்ஜின் மேல் ஒரு வருஷத் தூசி சீராகப் படிந்திருந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் மட்டும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சதுரம், துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் வெட்டிப்போட்ட ஜிப் டை ஒன்றின் வால். டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கும் சென்சாரின் கப்ளரில் புது விரல் ரேகை. முந்தின ராத்திரி யாரோ அவசரமாக, பவர் கூட்டுவதற்குச் செருகும் டியூனிங் பாக்ஸ் ஒன்றைக் கழற்றியிருக்கிறார்கள்.

"பாக்ஸ் ஏதும் போட்டிருந்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இல்லண்ணே" என்றார். அந்த ஒரு சொல் அப்படியே, வண்டியின் புகாரையும் வேலையையும் எழுதும் ஜாப் கார்டில் ஏறியது. ஸ்கேன் செய்ததில் பூஸ்ட் பிரஷர் கோளாறு பல ஆயிரம் கிலோமீட்டராகவே பதிவாகியிருந்தது. டர்போ க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அதே காகிதத்தில் பவர் விண்டோ மோட்டாரையும் 'மாற்றம் செய்யப்பட்ட வாகனம்' என்று ஒரே வரியில் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். முதலாவது நியாயம். இரண்டாவதில் நியாயமே இல்லை. ஜன்னல் மோட்டாருக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்?

புதுச்சேரியில் ஒன்பது வருஷம் சர்வீஸ் அட்வைசராக இருந்துவிட்டு இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: வாரன்டி என்பது ஒரு ஸ்விட்சை அணைத்தால் மொத்தமாக அணைகிற விளக்கு இல்லை. எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், அதன் சுமை எந்தெந்தப் பாகத்தின் மேல் போய் விழுகிறது என்ற சங்கிலி எவ்வளவு தூரம் நீளுகிறதோ அவ்வளவு தூரம்தான் வாரன்டி போக வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி உங்களிடமிருந்து பிடுங்காமல் இருக்க, வேலையைத் தொடங்கும் முன்பே சிலவற்றைச் செய்துகொள்ள வேண்டும்.

டீலர் ஏன் அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்?

வாரன்டியில் பாகம் மாற்றித் தரும்போது டீலர் கைக்காசைப் போடுவதில்லை. பாகத்தின் விலை, லேபர் இரண்டுக்கும் கார் கம்பெனியிடம் க்ளெய்ம் போட்டு வாங்குகிறார். கழற்றிய பழைய பாகத்துக்கு டேக் கட்டி எடுத்து வைக்க வேண்டும்; கம்பெனி கேட்டால் அனுப்ப வேண்டும். அவர்கள் பிரித்துப் பார்த்து 'இது உற்பத்திக் குறை இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் டீலர் தலையில் விழும். அட்வைசர் உங்கள்மேல் கோபத்தில் போட்டோ எடுப்பதில்லை. நாளைக்குக் கம்பெனிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் எடுக்கிறார்.

இன்னொன்று. ஜாப் கார்டு விவரம் கம்பெனி கணினியில் ஏறிவிடும். புதுச்சேரியில் ஒரு தடவை 'அங்கீகாரமில்லாத மாற்றம்' என்று பதிந்துவிட்டால், கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ சென்னைக்கோ வண்டியைக் கொண்டுபோனாலும் அந்த வரி திரையில் வந்து நிற்கும். கடலூர், புதுச்சேரி எல்லையில் முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும். வாரன்டிப் பதிவு மாறாது.

படி 1: புக்லெட்டில் ஒரு சொல்லைத் தேடுங்கள்

கார் வாங்கியபோது கொடுத்த பையில் வாரன்டி புக்லெட் இருக்கும், அல்லது கம்பெனி ஆப்பில் இருக்கும். 'எவையெல்லாம் வாரன்டியில் வராது' என்ற பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மாற்றங்களைப் பற்றிய விதி அனேகமாக இரண்டில் ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று, அங்கீகரிக்கப்படாத மாற்றத்தின் *விளைவாக* ஏற்பட்ட பழுதுக்கு வாரன்டி கிடையாது என்பது. மற்றது, மாற்றம் *செய்யப்பட்ட வாகனத்துக்கே* வாரன்டி கிடையாது என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். முதல் வகையில் 'மாற்றத்தால்தான் பழுது வந்தது' என்று காட்டும் பொறுப்பு பெருமளவு அவர்கள் பக்கம் சாயும். இரண்டாம் வகையில் மாற்றம் இருந்தாலே போதும் என்று வாதாடுவார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் நடக்கப்போகும் பேச்சு முழுக்க அந்த வரியைச் சுற்றித்தான்.

நண்பரின் அனுபவத்தை நம்பி இறங்காதீர்கள். கம்பெனிகள் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மாருதி 2024 ஜூலையில்தான் அடிப்படை வாரன்டியை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் ஆக்கியது. அதற்கு முன் 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர். உங்கள் வண்டிக்கு உங்கள் புக்லெட்தான் வேதம்.

காசு கட்டி நீட்டித்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் வாரன்டி தனி ஒப்பந்தம். அதன் விதிகள் தனிக் காகிதத்தில் இருக்கும், பெரும்பாலும் இன்னும் இறுக்கமாக இருக்கும். டயர், பேட்டரிக்கு அவற்றைச் செய்த கம்பெனிகளே வாரன்டி தருகின்றன. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் மாதிரித் தேயும் பொருட்களுக்கு மாற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பொதுவாக வாரன்டி கிடையாது.

படி 2: எந்த மாற்றம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்

ரீமேப்பிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதிகம் இழப்பதும் அதில்தான்.

இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூவுக்குள் எந்த வேகத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள், எப்போது பொறி என்று அட்டவணைகள் இருக்கின்றன. ரீமேப் என்றால் அந்த அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது. டர்போ வண்டியில் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை பவர் கூடுகிறது. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டியில் கிடைப்பது மிகச் சொற்பம். அதற்காக வாரன்டியைப் பணயம் வைப்பது வேண்டாத வேலை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கூடின அழுத்தமும் சூடும் டர்போவோடு நிற்பதில்லை. பிஸ்டன், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வரைக்கும் போகும். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் கொடுக்கும்போது, பொறி விழும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. அது நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையலாம். கியர்பாக்ஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 லிட்டரில் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் விசை) வரைக்குமென்று வடிவமைக்கப்பட்டது. அந்த இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 தருகிறது. ரீமேப் செய்து கூட்டுகிற ஒவ்வொன்றும் அந்த வரம்புக்கு வெளியேதான். அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் க்ளெய்ம் போட்டால் என்ன பதில் வரும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

"சர்வீஸுக்குப் போகும் முன் பழைய மேப்பை ஏற்றிவிட்டால் தெரியாது" என்று டியூனர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். பல ஈசியூக்களில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை சேமிக்கப்படுகிறது. மேப் பழையதாகும், எண்ணிக்கை குறையாது. மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணைக் கம்பெனியின் சர்வரோடு ஒப்பிடும் வசதியும் உண்டு. சாதாரண சர்வீஸில் கம்பெனி புது அப்டேட் ஏற்றும்போது உங்கள் மேப் அழிந்தும் போகலாம். கொடுத்த காசும் அதோடு போச்சு.

டியூனிங் பாக்ஸ் ஈசியூவைத் தொடுவதில்லை. சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'அழுத்தம் குறைவாக இருக்கிறது' என்று பொய் சொல்லும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். கழற்றினால் பாக்ஸின் தடயம் மென்பொருளில் இருக்காதுதான். ஆனால் ஈசியூ கற்றுக்கொண்ட திருத்த அளவுகளும், கோளாறு வந்த கிலோமீட்டரோடு சேர்ந்த பதிவுகளும் இருக்கும். தூசியில்லாத அந்தச் சதுரமும் இருக்கும். பாகத்தின் மேல் ஏறும் சுமை ரீமேப்பில் எவ்வளவோ, இதிலும் கிட்டத்தட்ட அவ்வளவே.

எக்ஸாஸ்டில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் மஃப்ளரை மட்டும் மாற்றினால் சங்கிலி குட்டை: எக்ஸாஸ்டும் அதன் தாங்கிகளும்தான். சத்தத்துக்கு ஆர்டிஓவும் போலீஸும் தனியாகக் கவனிப்பார்கள். கன்வர்ட்டரையே கழற்றுகிற டவுன்பைப் வேலை வேறு ஜாதி. ஆக்ஸிஜன் சென்சார் உடனே கண்டுபிடித்து விளக்கை எரியவிடும், புகைக் கட்டுப்பாட்டு விதியும் மீறப்படும், டர்போ வரைக்கும் வாரன்டி பேச முடியாது. அதைச் செய்யாதீர்கள்.

காற்றுப் பாதையில், பழைய ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் துவைத்துப் போடும் ஃபில்டர் பெரிய ஆபத்தில்லை. எண்ணெய் அதிகமாகப் பூசினால் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து அதைக் கெடுக்கும். கவனம் வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக ஃபில்டரை இறக்கும் கோல்டு ஏர் இன்டேக்கை நம் ஊரில் யாரும் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கம்பெனி காற்று வாயை ரேடியேட்டர் உயரத்துக்கு மேலே வைத்திருப்பது சும்மா இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அந்த வாரம் என் ஒர்க்‌ஷாப்புக்கு டோ செய்து வந்த ஒரு வண்டியில் தண்ணீர்க் கோடு பம்பர் பாதிவரைதான். சீட்டு நனையவில்லை, கார்பெட் காய்ந்தே இருந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். செம்மண் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. பிளக்கைக் கழற்றி கிராங்கைத் திருப்பினால் மூன்றாவது சிலிண்டரிலிருந்து பீய்ச்சி அடித்தது. தண்ணீரை அமுக்க முடியாது; அமுக்கப் பார்த்ததில் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வெள்ளத் தண்ணீர் உள்ளே போவது உற்பத்திக் குறை இல்லை என்பதால் வாரன்டி பேச்சுக்கே இடமில்லை. இன்ஷூரன்ஸில் இன்ஜின் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பான இன்ஜின் புரொட்டெக்ட் போட்டிருந்தும், இன்டேக் மாற்றியதைச் சொல்லாததால் இன்ஷூரன்ஸிலும் மாதக்கணக்கில் இழுபறி. பழைய ஃபில்டர் பெட்டி இருந்திருந்தால் அந்த வண்டி அந்தத் தண்ணீரைத் தாண்டி வந்திருக்கும்.

டயர், வீல் மாற்றுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டாலும் கிட்டத்தட்ட அதே 621 தான். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எதுவும் குழம்பாது. பார்க்க கம்பீரமாக இருக்கிறதே என்று 205/60 ஆர்16 போட்டால் 652. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும். பேரிங், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் கூடுதல் சுமை தாங்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி அங்கீகரித்த அளவுகள் இருக்கும். உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டுக்கு வருகிற அளவையே போட்டால் பேச்சு வார்த்தையே வராது. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட் வரை வாரன்டியை மறந்துவிடுங்கள். இன்ஜினுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதை யாராவது சேர்த்துத் தள்ளினால் எதிர்த்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒயரிங். பவரோடு இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பீர்கள். நான் மேசையில் இருந்தபோது நிராகரிப்புக்கு அதிகம் காரணமானது இதுதான். 55 வாட் ஹெட்லைட் இருக்கும் இடத்தில் 100 வாட் பல்பு, பெரிய ஹாரன், பூஸ்ட் மீட்டர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, எல்லாவற்றுக்கும் கம்பெனி ஒயரைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். இன்றைய காரில் பல மாட்யூல்கள் ஒரே இரண்டு ஒயரில் பேசிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் வெட்டினால் சம்பந்தமே இல்லாத இடத்தில் கோளாறு காட்டும். 'ஒயரிங் வெட்டப்பட்டது' என்ற ஒரே வரியால் வண்டியின் மின்சார வேலை முழுவதும் வாரன்டிக்கு வெளியே போகும். உப்புக் காற்றடிக்கும் நம் ஊரில் டேப் சுற்றிய இணைப்பு இரண்டு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். கப்ளரோடு வரும் ரெடிமேட் ஒயரிங் கிட்டை மட்டும் வாங்குங்கள். "ஒயரை வெட்ட மாட்டேன்" என்று சொல்லாத எலெக்ட்ரீஷியனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

படி 3: முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நாங்க பாத்துக்கறோம்" என்று ஷோரூமில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. சொன்னவர் ஆறு மாதத்தில் வேறு ஷோரூமில் இருப்பார். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு, டீலரையும் சேர்த்து, இப்படி நாலு வரி எழுதுங்கள்:

"என் வண்டியின் சேசிஸ் எண் இது. இன்ன அளவு டயரும் இன்ன வீலும் போட இருக்கிறேன். இதனால் வாரன்டியில் எந்தெந்தப் பாகங்கள் பாதிக்கப்படும், புக்லெட்டின் எந்த விதிப்படி என்று தெரிவிக்கவும்."

'வாரன்டி போகுமா?' என்று கேட்டால் 'போகும்' என்றே பதில் வரும், அதுதான் அவர்களுக்குப் பத்திரம். 'எந்தெந்தப் பாகம்' என்று கேட்டால் பாகம் பாகமாகப் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் வராவிட்டாலும் மறைக்கவில்லை என்பதற்கு உங்கள் மின்னஞ்சலே சாட்சி. கம்பெனியே விற்கும் அக்சஸரி இருந்தால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் டீலரிடமே போட்டு பில்லில் பாக எண்ணோடு வாங்குங்கள்.

படி 4: சட்டம் எங்கே நிற்கிறது

இணையத்தில் சுற்றும் வீடியோக்களில் "மாற்றத்தால்தான் பழுது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், சட்டமே இருக்கிறது" என்பார்கள். அவர்கள் சொல்வது 1975-ல் அமெரிக்காவில் வந்த மேக்னுசன்-மாஸ் வாரன்டி சட்டத்தை. அது இங்கே செல்லாது.

இங்கே நமக்குக் கைகொடுப்பது வேறு. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து ஓர் உத்தரவு போட்டது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார் என்பதற்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதிலிருந்த கட்டளைகளில் ஒன்று. கம்பெனிகள் மேல்முறையீடு போனார்கள். உத்தரவு ரிப்பேரைப் பற்றியது, பவர் கூட்டுவதைப் பற்றியது இல்லை. ஆனாலும் 'சேதத்தின் அளவுக்கு மட்டும்' என்ற நியாயத்தை உங்கள் கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. வண்டி டி.என். 31 ஆனாலும் பி.ஒய். 01 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்தோடு நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: வேலை செய்யும் நாளில்

வேலைக்கு முந்தின நாளே வண்டியை ஸ்கேன் செய்து, கோளாறு எதுவும் இல்லை என்ற அறிக்கையைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் வாங்கி வையுங்கள். பானட்டுக்குள் நாலு கோணத்தில் போட்டோ. கழற்றும் பழைய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபில்டர் பெட்டி, மஃப்ளர், வீல் எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். போடும் பாகத்துக்கு ஜிஎஸ்டி பில், போட்டவரிடம் வேலை விவரம் எழுதிய ரசீது. அவர் பாகத்துக்கு அவர் தரும் வாரன்டி என்ன, அது வேறு பாகத்தைக் கெடுத்தால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தயங்குகிறார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

சர்வீஸ் இடைவெளியை ஒரு நாள்கூடத் தாண்டாதீர்கள். குறித்த தரத்து ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். மாற்றம் செய்த வண்டியில் ஒரு ஆயில் சர்வீஸ் தவறியிருந்தாலும் கம்பெனிக்கு இரண்டாவது காரணம் கிடைத்துவிடும்.

படி 6: சர்வீஸ் மேசையில்

பொய் சொல்லாதீர்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லி, பில்லையும் காட்டுங்கள். நேர்மையாகச் சொன்ன வாடிக்கையாளருக்காக அட்வைசர்கள் கம்பெனியின் ஏரியா மேனேஜரிடம் வாதாடி, பாதிச் செலவையாவது குட்வில்லில் (வாரன்டிக்கு வெளியே கம்பெனி சலுகையாக ஏற்பதில்) வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். மறைத்துப் பிடிபட்டவருக்காக யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். நீங்கள் சொன்ன புகார் உங்கள் சொற்களில் இருக்க வேண்டும். 'வாடிக்கையாளர் மாற்றம் செய்துள்ளார்' என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தப் பாகம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். 'வீல், டயர் மட்டும்' என்ற மூன்று சொல் பின்னால் உங்கள் கியர்பாக்ஸைக் காப்பாற்றும்.

படி 7: மறுத்துவிட்டால்

உடனே சண்டைக்குப் போகாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம், எந்த விதி, எந்தச் சோதனையில் மாற்றத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரிந்தது. பழுதான பாகத்தை நீங்கள் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்றும், பிரித்த பின் பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். பாகம் தொலைந்தால் வழக்கும் தொலைந்தது.

டீலரைத் தாண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். சரிவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்; பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 10 முதல் 20 லட்ச ரூபாய் காருக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம். இந்த மாதிரி வழக்குகளில் உங்களுக்கு உயிர்நாடி அதுதான். வாரன்டி மறுப்பு சேவைக் குறைபாடாகப் பார்க்கப்படும். பழுதால் விபத்தாகி, அந்தச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது வேறு விஷயம். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மேல் அந்த வழக்கே போட முடியாது என்கிறது அதே சட்டத்தின் 87-வது பிரிவு. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் கை வைக்க நினைப்பவர்கள் அதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

முதுநகர்த் தம்பி மறுநாள் திரும்ப வந்தார். பாக்ஸ் போட்டதை ஒத்துக்கொண்டார். டர்போவுக்குத் தானே பணம் கட்டுவதாகச் சொன்னார். ஜன்னல் மோட்டாரை மட்டும் தனியாகப் பிரித்து, கம்பெனிக்கு அவர் பெயரில் மின்னஞ்சல் எழுத அன்று மாலை நான் உதவினேன்: 'இன்ஜின் சென்சாரில் செருகிய பெட்டி, கதவுக்குள் இருக்கும் மோட்டாரை எப்படிக் கெடுத்தது என்று விளக்கவும்.' மூன்றாவது வாரம் புது மோட்டார் வந்து சேர்ந்தது. பில்லில் வாடிக்கையாளர் செலுத்த வேண்டிய தொகை: 0.